வெள்ளத்தில் ஊறிய வைஸ்

ஜனவரி 4, 2025, சனி

ஃபெங்கல் புயல் கரையேறி ஒரு மாதம் தாண்டிவிட்டது. சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாறு வழியாக வந்து கடலூரில் எங்கள் தெருவுக்குள் புகுந்தபோது பின்பக்கக் கொட்டகையை யார் நினைத்தார்கள்? அரிசி மூட்டையையும் மெத்தையையும் பரணில் ஏற்றவே நேரம் சரியாக இருந்தது. வீட்டைக் கழுவி, பிள்ளைகளின் புத்தகங்களைக் காயவைத்து, சுவிட்ச் போர்டுகளை மாற்றி, இன்றைக்குத்தான் கொட்டகைப் பக்கம் நிதானமாகப் போக முடிந்தது.

சாமானைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் நாலு அங்குல வைஸ், பைப் ரெஞ்ச், ஸ்பேனர் செட், இழைப்புளி அலகுகள், கையால் சுற்றும் டிரில். எல்லாம் ஒரே செங்கல் நிறம். வைஸின் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "போகிக்குள்ள இதையெல்லாம் காயலான் கடையில போட்டுடு" என்றார். போகிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, பார்க்கலாம்.

திருகு நுழையும் இடங்களில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டி வைத்திருக்கிறேன். இரவெல்லாம் இறங்கட்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

எதிர்வீட்டு அண்ணன் மோட்டார் மெக்கானிக். நான் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, துருவைத் தொடாதே. முதல்ல பிசுக்கை எடு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். துருவைக் கரைக்கும் மருந்துகள் பெரும்பாலும் தண்ணீரில் கலப்பவை. மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் அவை இரும்பைத் தொடவே தொடாது. உப்புத்தாளும் நாலு இழுப்பில் அடைத்துக்கொள்ளும்.

வைஸ் ஒருவழியாகக் கழன்றது. பழைய பெயிண்ட் வாளியில் டீசல் ஊற்றி எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். பெட்ரோல் இதைவிட வேகமாகப் பிசுக்கை எடுக்கும், ஆனால் அதன் ஆவி தரையோடு பரவி எங்கோ இருக்கும் அடுப்பைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

திருகுத் தண்டில் இருந்த கிரீஸ், இரும்புத் தூளும் வண்டலும் சேர்ந்து அடிபிடித்த அல்வா மாதிரி இறுகியிருந்தது. மூங்கில் குச்சியைச் சீவி மரைக்குள் விட்டுச் சுரண்டினேன். கம்பி பிரஷை அப்புறம்தான் எடுத்தேன். சுரண்டச் சுரண்ட உள்ளே வெள்ளி போலப் பளபளக்கும் மரை! கிரீஸ் இருந்த இடமெல்லாம் புதுசு, இல்லாத இடமெல்லாம் சொறி. இத்தனை நாள் நான் அழுக்கு என்று திட்டிய பொருள்தான் வெள்ளத்தைத் தடுத்து நின்றிருக்கிறது. இந்த வைஸுக்கு வேலை முடிந்ததும் கிரீஸைத் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்ததில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இனி அந்தப் பெருமை வேண்டாம்.

கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சுடுதண்ணீரும். டீசல் முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி, மேலே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. படலமாகப் பரவி நின்றால் சரி.

ஜனவரி 11, சனி

சின்னச் சாமான்களுக்கு எலுமிச்சை உப்பு. அதுதான் சிட்ரிக் அமிலம். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வாங்கினேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம். ஸ்பேனர்களை நேற்று இரவு பிளாஸ்டிக் டப்பில் போட்டேன், காலையில் தண்ணீர் மஞ்சள் பச்சையாக மாறியிருந்தது. பல்தேய்க்கும் பழைய பிரஷால் தேய்த்தாலே துரு வழிந்து போகிறது. அம்மா புளியைச் சிபாரிசு செய்தார். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமும் இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போதும், பைப் ரெஞ்சுக்குப் போதாது.

அமிலத்துக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்று முழுசாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. துரு தீர்ந்ததும் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். அதனால் இழைப்புளி அலகுகளை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்து, சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டேன். அப்புறம் எல்லாவற்றையும் சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, மிச்சமிருக்கும் அமிலம் அடங்க.

இந்த ஊரில் உண்மையான ஆபத்து இதற்குப் பிறகுதான். சுத்தமான ஈர இரும்பு நம் கண் எதிரிலேயே மறுபடி மஞ்சளாகிறது. கடல் காற்றிலும் உப்பு, எங்கள் போர்வெல் தண்ணீரிலும் உப்பு. துருவின் குழிகளுக்குள் உப்பு தங்கிவிட்டால் எண்ணெய் பூசினாலும் அது உள்ளிருந்து அரிக்கும். அதனால் கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினேன். இரும்பு சூடாகிவிடுவதால் தானாகவே காய்ந்துவிடுகிறது. சூடு ஆறுவதற்குள் தையல் மெஷின் எண்ணெய், வெறும் கை படாமல் துணியால். வியர்வையும் உப்புதானே, ரேகை பட்ட இடத்தில் அப்படியே துரு பூக்கும்.

டபிள்யூ.டி. 40 அடித்தால் போதாதா என்று மச்சான் கேட்டான். தண்ணீரை விரட்டுவதற்காக 1953-ல் அமெரிக்காவில் உருவாக்கியது அது. விரட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் படலம் மெல்லியது, கடலூர் காற்றுக்கு மாதக்கணக்கில் தாங்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

வைஸின் உடம்பு வார்ப்பிரும்பு. அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் மேலிருக்கும் இரும்பு கரைந்து கிராஃபைட் கறுப்பாகத் தங்கிவிடும். அதற்கு மின்சார வழிதான் சரி.

பெரிய பிளாஸ்டிக் டிரம், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் சலவை சோடா. சமையல் சோடா அல்ல. அண்ணனின் பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். புது மாடல் சார்ஜர்கள் பல, பேட்டரி மாட்டியிருப்பதை உணர்ந்தால்தான் ஓடும், இதற்கு உதவாது. கறுப்பு கிளிப், அதாவது நெகட்டிவ், வைஸில். சிவப்பு கிளிப் வீடு கட்டியபோது மிஞ்சிய முறுக்குக் கம்பியில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கிளிப்பை மாற்றிப் போட்டால் கரைவது வைஸ்.

மச்சான் கம்பிக்குப் பதில் எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தான். திருப்பி அனுப்பினேன். அதில் இருக்கும் குரோமியம் தண்ணீரில் கரைந்து விஷமாகும். அலுமினியச் சாமானையும் இந்தச் சோடாத் தண்ணீரில் இறக்கக் கூடாது, அதையே அரித்துவிடும்.

சுவிட்சைப் போட்டதும் வைஸைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி. ஹைட்ரஜன் அது, தீப்பொறி பட்டால் பிடிக்கும். டிரம்மைத் திறந்தவெளியில்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் விடிந்தால் போகி, தெரு முழுக்க நெருப்பு. ராத்திரி படுக்கும் முன்பே சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

வாசலில் பழைய பாயும் முறமும் எரிந்துகொண்டிருக்க, வைஸை எடுத்துக் குழாயடியில் பிடித்தேன். சிவப்பாக இருந்த துரு கறுப்புப் பொடியாக மாறி, பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. கம்பி நின்ற பக்கம் நன்றாகப் போயிருக்கிறது, மறுபக்கம் அரைகுறை. மின்சாரம் நேர்ப்பார்வையில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. புகையெல்லாம் அடங்கிய பிறகு திருப்பி வைத்து இன்னொரு சுற்று ஓட்டினேன். தாடையின் அடியில், துருவுக்குக் கீழே, பழைய பச்சைப் பெயிண்ட் இன்னும் இருக்கிறது. காயலான் கடைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

ஜனவரி 18, சனி

ஆற்றுத் திருவிழா. வெள்ளமாக வந்த அதே பெண்ணையாற்றில் இன்றைக்கு ஊர் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருந்தன. சுருளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பியதும் வைஸைப் பூட்டினேன். மரைக்குக் கிரீஸ், கஞ்சத்தனம் பார்க்காமல் வழிய வழிய. வெளிப்புறத்துக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டு. கைப்பிடி ஒரு விரலில் சுற்றுகிறது.

அழுக்கு டீசலைச் சாக்கடையில் ஊற்றவில்லை. ஒரு வாரம் அசையாமல் வைத்ததில் வண்டல் அடியில் தங்கி, மேலே தெளிந்திருக்கிறது. தெளிந்ததை வடித்துக் கேனில் ஊற்றி வைத்தேன். டிரில்லில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் இன்னும் இறுகித்தான் கிடக்கிறது, அடுத்து அதற்கு வேண்டியிருக்கும்.