ஊசி வெளியே என்றால் விளையாட்டு, ஊசி உள்ளே என்றால் கவனம்

மகளுக்கு மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் போர்ட் வைத்துத் தையல் ஆறிய பிறகும் வீட்டில் யாரும் அவளைச் சரியாகத் தூக்கவில்லை. அணைத்தால் உடைந்துவிடுமோ, குப்புறப் படுத்தால் நகர்ந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தைப் பார்த்து அவளும் தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இப்போது புதிதாகப் போர்ட் வைத்த குழந்தையின் பெற்றோர் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: பயத்தை எல்லா இடத்திலும் தெளிக்காதீர்கள், தேவையான இடத்துக்குச் சேர்த்து வையுங்கள்.

போர்ட் என்பது தோலுக்கு அடியில் உட்காரும் சின்ன வட்டப் பெட்டி. அதிலிருந்து போகும் மெல்லிய குழாய் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக் குழாயில் போய் முடிகிறது. பெட்டியின் மேல்பக்கம் ரப்பர் மாதிரியான சிலிக்கோன். ஹூபர் ஊசி என்று தனியாக ஓர் ஊசி உண்டு, அது சிலிக்கோனைத் துண்டு துண்டாகப் பெயர்க்காமல் உள்ளே போகும், எடுத்தவுடன் துளை தானாக மூடிக்கொள்ளும். அதனால் காயம் ஆறி, ஊசியும் இல்லாத நாட்களில் குழந்தை குளிக்கலாம், ஓடலாம், டாக்டர் சரி என்றால் நீந்தவும் செய்யலாம். நேராக நெஞ்சில் அடிபடும் விளையாட்டு மட்டும் வேண்டாம். கார் பெல்ட்டும் புத்தகப்பை வாரும் அந்த மேட்டின் மேல் உரசினால் மெத்தென்று ஒரு துணி வைத்தால் போதும். ஊசி போடாமலே நாட்கள் போனால் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது ஃப்ளஷ் செய்ய வேண்டும், அதாவது சலைன் என்ற உப்பு நீரைத் தள்ளிக் குழாயைக் கழுவ வேண்டும். பல மருத்துவமனைகளில் 4 வாரத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் இடைவெளி இன்னும் அதிகம். உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

ஊசி உள்ளே இருக்கும் நாட்கள் வேறு. போர்ட் ரத்தத்துக்கு நேரான வாசல், கை அழுக்கு அந்த வழியில் போனால் நேராக ரத்தத்தில்தான் கலக்கும். வீட்டில் மருந்து ஏற்றவோ ஃப்ளஷ் செய்யவோ நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தால், அவர் சொன்ன வரிசையை அலுத்துப்போனாலும் மாற்றாதீர்கள். சோப்பு போட்டுக் கை கழுவுவது, ஊசியோடு சேர்ந்து வெளியே இருக்கும் குழாயின் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் குறைந்தது 15 நொடி அழுத்தித் தேய்ப்பது, அது தானாகக் காயும்வரை பொறுப்பது. ஊதிக் காய வைக்கக் கூடாது. துடைத்த நுனி போர்வையிலோ சட்டையிலோ பட்டால் மறுபடி முதலிலிருந்து.

சிரிஞ்ச் 10 மில்லி. கொஞ்சம்தானே என்று சின்ன சிரிஞ்ச் எடுக்காதீர்கள், சிரிஞ்ச் சிறிதாக ஆக உள்ளே அழுத்தம் கூடும், குழாய் கிழியலாம். சலைனை ஒரே தள்ளாகத் தள்ளாமல் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம். என் மகள் அப்போது "உப்பு வந்துடுச்சும்மா" என்பாள். நிறைய குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் வாயில் உப்பு ருசி வரும், முன்கூட்டியே ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டால் முகம் சுளிக்காது. தள்ளும்போது இறுக்கமாக இருந்தால் பலம் காட்டாதீர்கள். குழாயை அடைக்கும் கிளிப்பான கிளாம்ப் மூடியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், குழந்தையைக் கை தூக்கவோ இருமவோ சொல்லுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். ஊசியைச் சுற்றி வீங்கினாலும், எரிகிறது என்று குழந்தை சொன்னாலும் அதே கதைதான். டிரெஸ்ஸிங் ஓரம் நனைந்தோ பிரிந்தோ இருந்தால் மேலே இன்னொரு டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். ஊசியையும் பொதுவாக 7 நாளுக்குள் மாற்றிவிடுவார்கள்.

ஊசி போடும் நாளில் மரத்துப்போகும் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைத்துவிடுவேன். புறப்படும் அவசரத்தில் தடவினால் வேலை செய்யாது, குழந்தைக்கு அடுத்த முறை நம் பேச்சிலும் நம்பிக்கை இருக்காது. எண்ணிக்கொண்டு குத்தட்டுமா, சொல்லாமல் குத்தட்டுமா என்பதை அவளே முடிவு செய்கிறாள். அவள் உடம்பில் நடப்பதில் அவளுக்கு அந்த அளவாவது உரிமை வேண்டும்.

அப்புறம் காய்ச்சல். சேர்த்து வைக்கச் சொன்னேனே அந்தப் பயம், அது முழுக்க இதற்குத்தான். உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் போன், உடனே மருத்துவமனை. "ஒரு பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் பார்ப்போம்" என்று பெரியவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் மாத்திரை சூட்டை இறக்கிவிடும், கிருமி உள்ளேயே இருக்கும். கீமோ என்ற புற்றுநோய் மருந்து ஏறும் குழந்தைக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறலாம். காய்ச்சல் இல்லாமலே ஃப்ளஷ் செய்த கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கினாலும் அதே அவசரம். அவசரப் பிரிவில் வரிசையில் உட்காராமல், "குழந்தைக்குப் போர்ட் இருக்கிறது, காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். போர்ட்டிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள்.

போர்ட் வைத்த பக்கத்துக் கையோ கழுத்தோ முகமோ வீங்கினால், மேட்டின் மேல் தோல் சிவந்தால் அல்லது சீழ் கசிந்தால் காய்ச்சலுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காட்டிவிடுங்கள். பள்ளி ஆசிரியரிடமும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியிடமும் இந்த அறிகுறிகளையும் மருத்துவமனை எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து வையுங்கள்.