பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் தமிழ் இலக்கணமும்: தேர்வுக்கு முந்தைய நாட்களின் குறிப்பு

பிப்ரவரி 24, 2025, திங்கள்

இரண்டாம் திருப்புதல் தேர்வின் ஆங்கில விடைத்தாள்களை இன்று இரவுதான் திருத்தி முடித்தேன். தமிழ்வழியில் படிக்கும் 38 பிள்ளைகளில் ஒன்பது பேர் 35 மதிப்பெண்ணைத் தொடவில்லை. பாட வினாக்களில் மனப்பாடம் கைகொடுத்திருக்கிறது. இலக்கண வினாக்களிலும், பிழையான வாக்கியங்களைத் திருத்தி எழுதும் வினாவிலும்தான் மதிப்பெண் கரைந்திருக்கிறது.

வழக்கமாகத் தவறுகளுக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். இம்முறை ஒவ்வொரு தவறையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பாதி எழுதியபோதே ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இந்தத் தவறுகள் கவனக்குறைவால் வந்தவை அல்ல, பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த வேறோர் இலக்கணத்தின் விதிகள் அவை. 'ஃபைவ் ட்ரீ' என்று எழுதிய மாணவன், 'ஐந்து மரம்' என்று தமிழில் தடையின்றிச் சொல்லக் கூடியவன். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று எழுதிய மாணவிக்கு, 'நேற்று மாமா வந்திருக்கிறார்' என்பது நாள்தோறும் காதில் விழும் வாக்கியம். அப்படியானால் எஞ்சியுள்ள ஐந்து வாரங்களில் அந்தத் தமிழைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, எங்கே இரண்டு மொழிகளும் சேர்ந்து நடக்கின்றன, எங்கே பிரிகின்றன என்று காட்டிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நாளை முதல் அப்படித்தான் நடத்தப் போகிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

'ஷி கோ' என்ற தவறில் தொடங்கினேன். கரும்பலகையில் 'வா' என்ற பகுதியை எழுதி, நிகழ்காலத்தில் எத்தனை வடிவங்கள் என்று கேட்டேன். வருகிறேன், வருகிறோம், வருகிறாய், வருகிறீர்கள், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறார்கள், வருகிறது, வருகின்றன என்று பத்தையும் கடைசி இருக்கையில் இருப்பவர்கள்கூடத் தயங்காமல் சொன்னார்கள். பத்து விகுதிகளைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம் அந்த இடத்தில் கேட்பது ஒரே ஒரு விகுதியை மட்டுமே. அவன், அவள், அது என்ற படர்க்கை ஒருமையில், நிகழ்காலத்தில், வினையின் இறுதியில் வரும் 'எஸ்' அது.

அடுத்த படியில்தான் சிக்கல். 'டஸ் ஷி கோஸ்' என்று எழுதுகிறார்கள். 'அவள் போகவில்லை' என்ற வாக்கியத்தில் 'போக' என்ற எச்சத்தில் அவளைக் காட்டும் விகுதி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை என்று எல்லாருக்கும் அது ஒன்றுபோலவே நிற்கிறது. ஆங்கிலத்திலும் வினாவிலும் எதிர்மறையிலும் முதன்மை வினை வெறுமையாக நின்றுவிட, விகுதி 'டு' என்ற துணைவினைக்குப் போய் அது 'டஸ்' ஆகிறது. இதைச் சொன்ன பிறகு பத்து வாக்கியங்கள் கொடுத்தேன். எட்டுக்கு மேல் சரியாக எழுதியவர்கள் இருபத்திரண்டு பேர். திருப்புதல் தேர்வில் இதே பகுதியில் சரியாக எழுதியவர்கள் பதினொருவர்தான்.

மார்ச் 3, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு இன்று தொடங்கியது. அறைக் கண்காணிப்பாளர் பணிக்கு வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டதால் மாலைச் சிறப்பு வகுப்பு மட்டுமே நடத்த முடிந்தது. ஒருமை, பன்மை மட்டும் பார்த்தோம். 'ஆக்ஸன்', 'சில்ட்ரன்', 'கிரைட்டீரியா' போன்றவற்றை எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றின் இறுதியில் 'எஸ்' சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் மூன்று முறை சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

இன்றைய வகுப்பு எனக்கே பாடமாக அமைந்தது. 'ஏ', 'ஆன்' ஆகிய இரண்டையும் இத்தனை ஆண்டுகளாக ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தைச் சொல்லி, அவற்றுக்கு முன் 'ஆன்' வரும் என்றுதான் நடத்திவந்தேன். அது தவறான விதி என்பது தெரிந்தும், எளிமை கருதி அப்படிச் சொல்லிவிட்டு, 'ஹவர்' எழுத்தில் 'ஹெச்' இருந்தாலும் விதிவிலக்கு, 'யூனிவர்சிட்டி' எழுத்தில் 'யூ' இருந்தாலும் விதிவிலக்கு என்று ஒரு பட்டியலைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவந்திருக்கிறேன். அந்தப் பட்டியல் தேவையே இல்லை.

தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு நகரம்' என்று எழுதும் வழக்கத்தை ஆறாம் வகுப்பிலிருந்தே படித்தவர்கள் இவர்கள். ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் பார்க்காமல், வாயால் சொல்லிப் பார்த்துத் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னேன். அந்தச் சொல் தமிழில் உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஓர்' போல 'ஆன்'. உயிர்மெய்யில் தொடங்கினால் 'ஒரு' போல 'ஏ'. மணியைக் குறிக்கும் சொல் 'அவர்' என்றே ஒலிப்பதால் அதற்கு 'ஆன்'. நேர்மையைக் குறிப்பது 'ஆனஸ்ட்', அதற்கும் 'ஆன்'. 'யூனிவர்சிட்டி', 'யூனிஃபார்ம்', 'யூரோப்பியன்' மூன்றும் யகரத்தில் தொடங்குவதால் 'ஏ'. சுருக்கக் குறியீடுகளும் இதற்குள் அடங்கிவிடுகின்றன: எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர். இரண்டுக்கும் 'ஆன்', பி.ஏ. பட்டத்துக்கு 'ஏ'. விதிவிலக்குப் பட்டியலில் இருந்த சொற்கள் எல்லாம் ஒரே விதிக்குள் வந்து அமர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

அதிகம் பேசாத ஒரு மாணவன் அப்போது எழுந்து, "டீச்சர், 'ஹேப்பி நியூ இயர்'னு எழுதுறோமே, அந்த 'இயர்' உயிரெழுத்துத்தானே, அப்ப அதுக்கும் 'ஆன்' வருமா?" என்று கேட்டான். மிகச் சரியான கேள்வி. காதைக் குறிக்கும் சொல்லையும் ஆண்டைக் குறிக்கும் சொல்லையும் நாம் தமிழில் ஒன்றுபோலவே 'இயர்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஆண்டைக் குறிக்கும் சொல் மெல்லிய யகரத்தோடு, 'யியர்' என்பதுபோலத் தொடங்குகிறது. ஆகவே காதுக்கு 'ஆன்', ஆண்டுக்கு 'ஏ'. அதேபோல 'ஒன்' என்று நாம் எழுதும் எண்ணுப்பெயர் உண்மையில் 'வன்' என்றே ஒலிப்பதால், ஒரு ரூபாய் நாணயத்துக்கு 'ஏ'தான். எழுதும் பழக்கத்தை நம்பாமல் வாய் ஒலியை நம்ப வேண்டும் என்ற திருத்தத்தை அவன் கேள்வியால்தான் சேர்க்க முடிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

நேர்கூற்று, அயற்கூற்று. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் அஞ்சும் பகுதி இது. நேற்று ஓய்வறையில் தமிழ் ஐயாவிடம், இதைத் தமிழில் எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டேன். "நமக்கு அட்டவணையே இருக்கே அம்மா, இது அதுவாகும், இன்று அன்றாகும், நாளை மறுநாளாகும், நேற்று முன்னாளாகும், நான் தானாகும்" என்றார். அந்த அட்டவணையை அவரிடமே எழுதி வாங்கி இன்று வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.

'நான் நாளை இங்கு வருவேன்' என்று முருகன் கூறினான் என்பதை அயற்கூற்றாக்கச் சொன்னேன். மறுநாள் தான் அங்கு வருவதாக முருகன் கூறினான் என்று பலர் எழுதினார்கள். பிறகு அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் பக்கத்திலேயே எழுதினேன். 'ஐ' என்பது 'ஹி' ஆகிறது. அது நான், தான் ஆவது. 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆகிறது. அது நாளை, மறுநாள் ஆவது. 'ஹியர்' என்பது 'தேர்' ஆகிறது. அது இங்கு, அங்கு ஆவது. நான்கு மாற்றங்களில் மூன்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. புதியது ஒன்றே: 'வில்' என்பது 'வுட்' ஆவது, அதாவது வினையின் காலம் ஒரு படி பின்னுக்குச் செல்வது. தமிழில் அந்தப் பழக்கம் இல்லை என்பதால்தான் எல்லாரும் அந்த ஓரிடத்தில் தடுமாறுகிறார்கள். ஆகவே மாலை வகுப்பு முழுவதையும் அந்த ஒரு மாற்றத்துக்கே கொடுத்தேன். என்றும் மாறாத உண்மையைச் சொல்லும்போது மட்டும் காலம் பின்செல்ல வேண்டியதில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் நேற்றுச் சொல்லியிருந்தாலும், பூமி இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கட்டளை வாக்கியம் இன்னும் எளிதாக வந்தது. 'கதவை மூடு' என்று அம்மா சொன்னதை நாம் வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று கேட்டதும், 'அம்மா கதவை மூடச் சொன்னாங்க' என்றார்கள். அந்த 'மூட' என்ற எச்சத்தின் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'டு குளோஸ்' செய்கிறது. 'செட்' என்பதற்குப் பதில் 'டோல்டு' போட்டு, யாரிடம் சொன்னார் என்பதைச் சேர்த்துவிட்டால் முடிந்தது.

வினா வாக்கியத்தில் மட்டும் இன்னும் உழைக்க வேண்டும். 'ஹி ஆஸ்க்டு மீ வேர் வாஸ் ஐ கோயிங்' என்றே பலர் எழுதுகிறார்கள். அயற்கூற்றில் அது வினாவாக இருப்பதை விட்டுவிடுகிறது, எனவே எழுவாய் முதலில், வினை பிறகு, 'வேர் ஐ வாஸ் கோயிங்' என்று வர வேண்டும். இதற்குத் தமிழிலிருந்து பொருத்தமான துணை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, பயிற்சிதான்.

மார்ச் 14, வெள்ளி

வாக்கியங்களை இணைத்தல். மழை பெய்தது, அவன் வந்தான் என்ற இரண்டையும் தமிழில் மூன்று வகையாக இணைக்கச் சொன்னேன். 'மழையையும் பொருட்படுத்தாமல் அவன் வந்தான்', 'மழை பெய்தாலும் அவன் வந்தான்', 'மழை பெய்தது, ஆனாலும் அவன் வந்தான்' என்று வந்தன. முதலாவது ஆங்கிலத்தில் 'இன் ஸ்பைட் ஆஃப்' கொண்ட தனிவாக்கியம், இரண்டாவது 'தோ' கொண்ட கலவை வாக்கியம், மூன்றாவது 'பட்' கொண்ட தொடர் வாக்கியம்.

ஆனால் இங்கே தமிழ் ஓரிடத்தில் வழிதவறச் செய்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். 'பெய்தாலும்' என்பது நமக்கு வினைமுற்று அன்று. அதனால்தான் சிலர் 'தோ ரெயினிங்' என்று பாதியில் நிற்கும் வினையை எழுதுகிறார்கள். பள்ளித் தேர்வு எதிர்பார்க்கும் கலவை வாக்கியத்தில் 'தோ' வந்துவிட்டால், அதன்பின் எழுவாயும் முழு வினைமுற்றும் வர வேண்டும்: 'தோ இட் ரெயின்ட்'. 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதற்குப் பின் வினைமுற்று வரக் கூடாது, பெயர்தான் வர வேண்டும். இந்த இரண்டு வரிகளை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்வளம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அவற்றில் ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், முன்னொட்டு, பின்னொட்டு, சுருக்கக் குறியீடு, வினைக்கூட்டு (ஃப்ரேசல் வெர்ப்) ஆகியவை வருவதால், மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு மிக விரைவாகக் கைக்கு வரக்கூடிய மதிப்பெண்கள் இவைதாம்.

எதிர்ச்சொல் முன்னொட்டுகளில் 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என்று ஏன் வெவ்வேறாக வருகின்றன என்று ஒரு மாணவி கேட்டாள். பலகையில் பொன் + குடம் என்று எழுதினேன். 'பொற்குடம்' என்று வகுப்பே சொன்னது; விகாரம் என்ன என்றதும் 'திரிதல்' என்றார்கள். இங்கும் திரிதல்தான். அடிப்படையில் இருப்பது 'இன்' என்ற ஒரே முன்னொட்டு. வருமொழி பகரம், மகரம் போன்ற இதழ் ஒலியில் தொடங்கினால் 'இம்', லகரத்தில் தொடங்கினால் 'இல்', ரகரத்தில் தொடங்கினால் 'இர்'. புணர்ச்சி விதி ஆங்கிலத்திலும் உண்டு என்பது அவர்களுக்குப் பெரிய வியப்பாக இருந்தது. 'அன்' என்ற முன்னொட்டு மட்டும் இப்படித் திரியாமல் நிற்கும். 'ஹேப்பி', 'கைண்ட்' முதலியவற்றுக்கு அது.

வினைக்கூட்டுகளுக்கும் தமிழில் உறவு இருக்கிறது. 'கைவிடு' என்பதில் கையும் இல்லை, விடுவதும் இல்லை. இரண்டும் சேர்ந்து மூன்றாவது பொருள் ஒன்றைத் தருகின்றன. 'கிவ் அப்' அப்படிப்பட்டதுதான். 'புட் ஆஃப்' என்பது ஏறக்குறைய அப்படியே நமது 'தள்ளிப்போடு'. 'லுக் ஆஃப்டர்' என்பது 'பார்த்துக்கொள்'. தனித்தனிச் சொல்லின் பொருளைக் கூட்டிப் பார்க்காதீர்கள், கைவிடு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

'சின்ஸ்', 'ஃபார்'. 'முதல்' என்று தமிழில் வந்தால் 'சின்ஸ்'. 'ஆக' என்று வந்தால் 'ஃபார்'. 2019 முதல், மூன்று ஆண்டுகளாக. பதினைந்து நிமிடத்தில் முடிந்தது, யாரும் தவறவில்லை. செயப்பாட்டுவினையும் அப்படியே: 'ஆல்' வரும் இடத்தில் 'பை', 'பட்டது' வரும் இடத்தில் 'வாஸ்' என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம். முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான் என்பதை மாற்றச் சொன்னதில், கோயில் எழுவாயானதும் 'ஐ' உருபு கழன்றுவிடுவதை அவர்களே கண்டு சொன்னார்கள்.

மார்ச் 28, வெள்ளி

தமிழ்த் தேர்வு இன்று முடிந்தது. முகங்கள் தெளிவாக இருந்தன. ஆங்கிலம் ஏப்ரல் 2. இடையில் சனி, ஞாயிறு, திங்களன்று ரம்ஜான், செவ்வாய் என்று நான்கு நாட்கள் கிடைக்கின்றன. புதிதாக எதையும் படிக்க வேண்டாம், தங்கள் சொந்தத் தவறுகளை எழுதிய நோட்டை மட்டும் புரட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் வந்த 31 பேருக்கு இரண்டு மணி நேரம் பிழைதிருத்தம் மட்டும் கொடுத்தேன். வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடங்களில் இலக்கண வினாக்களை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதையும், கேட்ட வினாவின் எண்ணை விடைத்தாளில் சரியாக எழுத வேண்டும் என்பதையும் நினைவூட்டினேன். திருப்புதல் தேர்வில் 35 மதிப்பெண்ணைத் தொடாத ஒன்பது பேரில் இருவரைப் பற்றி இன்னும் கவலை இருக்கிறது. அயற்கூற்றில் காலத்தை மாற்ற இன்றும் மறந்தார்கள். அவர்களை மட்டும் பிற்பகலில் தனியாக அமர வைத்து, இருபது வாக்கியங்கள் எழுத வைத்தேன். கடைசி ஐந்தில் மறக்கவில்லை.

இரவு எட்டரை மணிக்கு, மார்ச் 6 அன்று 'இயர்' பற்றிக் கேட்ட அந்த மாணவன் தன் அம்மாவின் கைப்பேசியிலிருந்து அழைத்தான். "டீச்சர், ஹால் டிக்கெட்டப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. ஸ்டூடன்ட்னு எழுதணும்னா முன்னாடி 'ஆன்' தானே வரும்?" என்றான். ஏன் என்று கேட்டேன். "எகரம் உயிரெழுத்து டீச்சர். ஸ்டூடன்ட்னு மட்டும் எழுதினா 'ஏ' " என்றான். சரி என்று சொல்லி, காலை ஒன்பது மணிக்குள் மையத்துக்கு வந்துவிடுமாறு கூறி, சீக்கிரம் உறங்கச் சொன்னேன்.