சிவில் கேஸ் நடக்குதுன்னு கிரிமினல் கேஸை நிறுத்தி வைக்கலாமா? எங்க அப்பத்தா கேஸ்ல நடந்தது

2016 கடைசியில மோட்டார் லோனுக்காக வில்லங்கம் எடுத்தப்போதான் தெரிஞ்சது, அப்பத்தா பேர்ல இருக்குற 1 ஏக்கர் 20 சென்ட்டை 1998லயே பங்காளி வீட்டு பெரியப்பா ஒருத்தருக்கு கிரயம் குடுத்ததா ஒரு என்ட்ரி கிடக்கு. பட்டா அப்பத்தா பேர்ல, உழுது விதைக்கிறது நாங்க, இவரு பதினெட்டு வருஷமா மூச்சே விடல. நகல் போட்டு வாங்கிப் பாத்தா கையெழுத்துக்குப் பதிலா இடது பெருவிரல் ரேகை, பக்கத்துல "எழுதப் படிக்கத் தெரியாதவர்"னு வேற எழுதியிருக்கு. அப்பத்தா மூணாப்பு வரைக்கும் படிச்சது, கூட்டுறவு பேங்க்ல எத்தனையோ வருஷமா கையெழுத்துதான், கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் மேல ஏறிப் போகும். நகலைப் பாத்துட்டு அது கேட்ட முதல் கேள்வியே "எனக்கு எழுதத் தெரியாதுன்னு எவன்டா எழுதுனது?"

பத்திரம் செல்லாதுன்னு முன்சீப் கோர்ட்ல ஓ.எஸ். (சிவில் கேஸ்) போட்டோம். விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும், அதனால இதுல யோசிக்க நேரமே இல்ல. போலீஸ் பக்கம்தான் அலைச்சல். எஸ்.பி. ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு, மனு ரசீது, அப்புறம் "இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்லயே பாத்துக்கங்க"ங்கிற அதே பதில். கடைசியில போலீஸை கேஸ் போடச் சொல்லுங்கன்னு மாஜிஸ்திரேட் கோர்ட்ல 156(3) மனு போட்டு ஆர்டர் வாங்கித்தான் 2017ல எஃப்.ஐ.ஆர். விழுந்துச்சு, ஏமாத்துனதுக்கு 420, போலிப் பத்திரம் பண்ணி பயன்படுத்துனதுக்கு 467, 468, 471.

ரிஜிஸ்டர் ஆபீஸ் கைரேகை புத்தகத்தையும் அப்பத்தா ரேகையையும் நிபுணருக்கு அனுப்புனாங்க, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு. சார்ஜ் ஷீட்டும் போட்டாச்சு. இனி வேகமா போகும்னு நெனச்சது என் முட்டாள்தனம்.

எதிர் தரப்பு ஒரு மனு போட்டாங்க. இதே பத்திரம் பொய்யா நிஜமான்னு சிவில் கோர்ட் பாத்துக்கிட்டு இருக்கு, அது முடியுற வரைக்கும் இந்த கேஸை நிறுத்தி வைங்க, ரெண்டு கோர்ட் ரெண்டு மாதிரி தீர்ப்பு சொன்னா என்ன ஆகும், அதோட எங்க டிஃபென்ஸை எல்லாம் சிவில்ல முன்கூட்டியே காட்ட வேண்டி வருதுன்னு. கேக்கும்போது எனக்கே நியாயமாத்தான் பட்டுச்சு, பொய் சொல்லல. மாஜிஸ்திரேட் வாய்தா குடுக்கலாம், இப்படி மொத்தமா நிறுத்தி வைக்க எனக்கு பவர் இல்லன்னு தள்ளிட்டாரு. உடனே அவங்க ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல 482ல குவாஷ் மனு (கேஸையே ரத்து பண்ணச் சொல்லி), 2019ல கிரிமினல் கேஸுக்கு இடைக்காலத் தடை.

அதுக்கப்புறம் கொரோனா. நடுவுல 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி ஆறு மாசத்துல தடை தானா போயிரும்னு சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்ல மெமோ போட்டுப் பாத்தோம், எதுக்கும் மதுரையில ஒரு ஆர்டர் வாங்கிட்டு வாங்கன்னுட்டாங்க (அந்த ஆறு மாசக் கணக்கையே 2024ல அஞ்சு நீதிபதி பெஞ்ச் எடுத்துருச்சு, அது தனிக் கதை). இந்த இடைவெளியிலதான் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்துப் போனாரு. போலீஸ்ட்ட உண்மையை சொன்னதே அவரு ஒருத்தர்தான். போலீஸ்ல சொன்னது மட்டும் கோர்ட்ல சாட்சியம் ஆகாதுங்கிறதை அன்னைக்குத்தான் நான் முழுசா புரிஞ்சுக்கிட்டேன்.

2022ல அந்த குவாஷ் மனு விசாரணைக்கு வந்துச்சு. எங்க வக்கீலண்ணன் முதல்ல எடுத்தது சுப்ரீம் கோர்ட்டோட 1954 எம்.எஸ்.ஷெரீப் கேஸ், அதுவும் நம்ம மெட்ராஸ்ல இருந்து போனதுதான். சட்டவிரோதமா அடைச்சு வச்சாங்கன்னு போலீஸ்காரங்க மேல கிரிமினலும் நஷ்ட ஈட்டு சிவில் கேஸும் சேந்து வந்தப்போ, அஞ்சு நீதிபதிங்க கிரிமினல்தான் முன்னால போகணும்னு சொல்லி சிவிலைத்தான் நிறுத்துனாங்க. சிவில் வருஷக்கணக்கா இழுக்கும், குத்த கேஸ் அது வரைக்கும் காத்திருந்தா சாட்சிக்கு ஞாபகமே இருக்காதுன்னு காரணமும் சொல்லியிருக்காங்க. ஒரு கோர்ட் சொன்னது இன்னொண்ணை அப்படியே கட்டுப்படுத்தாது, அதனால முரண்பட்ட தீர்ப்பு வருமேங்கிற பயமும் பெரிய காரணம் இல்லையாம். ஆனா இது இரும்புச் சட்டம் இல்ல, சிவில் முடியுற கட்டத்துல இருந்தா அதை முடிக்க விடலாம்னும் அதே தீர்ப்புல இருக்கு. எங்க சிவில் கேஸ் அப்போ இஷ்யூஸ் ஃப்ரேம் பண்ணதோட (எதை எதை முடிவு பண்ணணும்னு கோர்ட் எழுதி வைக்கிறது) நின்னுச்சு, சாட்சி விசாரணையே ஆரம்பிக்கல.

அவங்க இன்னொரு துருப்புச்சீட்டு வச்சிருந்தாங்க. ஒரிஜினல் பத்திரம் சிவில் கோர்ட் கட்டுல கிடக்கு, அதனால 195வது பிரிவுப்படி அந்த கோர்ட்தான் புகார் குடுக்கணும், போலீஸ் கேஸே செல்லாதுன்னு. அதுக்கு எங்க பதில் சுப்ரீம் கோர்ட்டோட 2005 இக்பால் சிங் மார்வா தீர்ப்பு. கோர்ட் கஸ்டடிக்கு வந்ததுக்கு அப்புறம் திருத்துனாத்தான் அந்தத் தடை, வெளிய ஃபோர்ஜரி பண்ணிட்டு உள்ள கொண்டு வந்து போட்டா இல்ல. அவங்க குவாஷ் மனு தள்ளுபடி.

போலீஸை வச்சு மிரட்டி சிவில்ல சமாதானம் வாங்குறவங்களும் நிறைய இருக்காங்க, எங்க தெருவுலயே வெறும் கடன் பாக்கிக்கு 420 போட்டாங்க, அந்த மாதிரி கேஸ்ல ஹைகோர்ட் குவாஷ் பண்றது சரிதான். ஆள்மாறாட்டம் அந்த ரகம் இல்லையே. பத்திரம் ரத்தானா நிலம் திரும்பும், அப்பத்தா பேர்ல ரேகை வச்ச பொம்பளை யாருன்னு சிவில் கோர்ட் தேடாது. அதுக்காக சிவிலை விட்றாதீங்க, கிரிமினல்ல தண்டனை கிடைச்சாலும் வில்லங்கத்துல அந்த என்ட்ரி அப்படியே நிக்கும்.

2023ல அப்பத்தா சாட்சி சொல்லப் போச்சு, 83 வயசு, கூண்டுல ஏற முடியாம பக்கத்துல ஸ்டூல் போட்டாங்க. முக்கால் மணி நேரம் குறுக்கு விசாரணை. முடிஞ்சதும் சாட்சியத்தை டைப் அடிச்சுக் கொண்டு வந்த கிளார்க், வயசைப் பாத்துட்டு இங்க் பேடை நகத்தி வச்சாரு. அப்பத்தா அதைத் தள்ளி வச்சுட்டு "பேனா குடு தம்பி"ன்னுச்சு. ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டு மூணு பக்கத்துலயும் போட்டுச்சு, கடைசி எழுத்து வழக்கம் போல மேல ஏறிப் போச்சு. எதிர் தரப்பு வக்கீல் ஃபைலையே பாத்துக்கிட்டு இருந்தாரு.