டர்போ ஆக்டேவியாவுக்குப் பிளக் தேடி அலைந்த மூன்று வாரம்

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நான்கு காயில்களையும் புதிதாகப் போட்டு, 14,000 ரூபாய் கட்டி வண்டியை எடுத்து வந்த அன்று சாயங்காலமே மதுரவாயல் பைபாஸில் பழையபடி மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல் இன்ஜின் திக்குவது. ஒரு பிளக்கைக் கூட யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இதே வழியில் போகிறவர்கள் அந்தக் காசையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வண்டி ஸ்கோடாவின் பழைய ஆக்டேவியா விஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ. கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன். செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றி, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவையும் ரீமேப் செய்தேன். அரை பார் அளவில் இருந்த பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம், ஒரு பார் வரை ஏறியது. வண்டி இழுத்த இழுப்பில், ரீமேப் செய்தவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை: "சார், பிளக்கையும் ஒரு ஸ்டெப் கோல்டா மாத்திடுங்க." கோல்ட் என்றால் சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும் பிளக்.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறியிருப்போம். மூன்றாவது கியரில் மிதித்ததும் வண்டி திக்கித் திக்கி உலுக்கியது. இன்ஜின் லைட் விட்டுவிட்டு எரிந்தது. அந்த லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். விட்டுவிட்டு எரிந்தால் காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தீய்த்துவிடும். பின்சீட்டில் மகள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஓரம் கட்டினேன். ஐடிலில் இன்ஜின் பூ மாதிரி ஓடியது, ஒரு நடுக்கம் இல்லை. மெதுவாக மிதித்தால் சரியாக ஏறியது, பூஸ்ட் ஏறினால் மட்டும் உலுக்கியது. பிளக்கைச் சந்தேகப்பட அது ஒன்றே போதும். அன்று எனக்குத் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0300, பி0302. அதாவது பொதுவாக மிஸ்ஃபயர், குறிப்பாக இரண்டாவது சிலிண்டரில். "இந்த இன்ஜினுக்குக் காயில்தான் சார் வியாதி" என்றார்கள். இந்த 1.8 டர்போவில் காயில் போவது ஊரறிந்த விஷயம் என்பதால் நானும் தலையாட்டினேன். ஆனால் ஐந்து நிமிஷத்தில், காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டாவது காயிலைப் பிடுங்கி மூன்றில் போட்டு, மூன்றில் இருந்ததை இரண்டில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோட் பி0303 என்று மாறினால் காயில் போச்சு. அதே பி0302 வந்தால் காயில் மேல் தப்பில்லை. யார் காயில் மாற்றச் சொன்னாலும் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

காயில் மாற்றியும் மிஸ்ஸிங் போகாததால், மறுநாள் நானே பிளக்கைக் கழற்றினேன். முன்னாள் ஓனர் போட்டிருந்த என்ஜிகே கம்பெனியின் இரிடியம் பிளக், பிகேஆர்6ஈஐஎக்ஸ்-11. கடைசியில் இருக்கும் அந்த 11-தான் வில்லன்: கேப், அதாவது ஸ்பார்க் தாண்ட வேண்டிய இடைவெளி, 1.1 மில்லிமீட்டர். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, அதே இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் 1.1-ஐத் தாண்டிவிடும் காயில், ஒரு பார் பூஸ்டில் திணறும். காயில் புதுசானாலும் கதை அதுதான். டர்போ வண்டியில் பூஸ்டைக் கூட்டினால் கேப்பை 0.7 பக்கம் கொண்டுவர வேண்டும்.

சரி, பிளக் வாங்குவோம் என்று வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன். "இதுல 6 இருக்கு, எனக்கு 7 வேணும், கோல்ட் பிளக்" என்றேன். பிளக் பெயரின் நடுவில் வரும் அந்த 6-தான் சூட்டு நம்பர். என்ஜிகேயில் ஸ்டாக் இல்லை. "பாஷ்ல 7 இருக்கு தம்பி, அதே அளவுதான்" என்று எஃப்ஆர்7டிசி நான்கைக் கொடுத்தார். திரெட் 14 மில்லிமீட்டர், நீளம் 19, ஸ்பேனர் 16. எல்லாம் பொருந்தியது. கேப்பை 0.7-க்கு வைத்துப் பூட்டினேன். மிஸ்ஸிங் நின்றுவிட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள், ஜிஎஸ்டி ரோட்டில் ஓவர்டேக் செய்ய மிதித்தபோது, டப்பாவில் கோலி உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நாக்கிங், அதாவது உள்ளே பெட்ரோல் கலவை தாறுமாறாகத் தானே வெடிப்பது. வீட்டுக்கு வந்து இன்ஜின் ஆறியதும் கழற்றிப் பார்த்தேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அதில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். இன்னும் நூறு கிலோமீட்டர் அப்படி மிதித்திருந்தால் பிஸ்டன் தாங்கியிருக்குமா என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

பழைய என்ஜிகேயையும் பாஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பாஷில் பீங்கான் மூக்கைச் சுற்றியிருக்கும் பள்ளம் ஆழமாக இறங்கிக்கொண்டே போனது. மூக்கு நீளமானால் சூடு இன்ஜினின் ஹெட்டுக்கு இறங்க நேரமாகும், நுனி சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையானால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது கோல்ட் பிளக். நான் கோல்ட் என்று நம்பிப் போட்டது, பழையதை விட ஹாட்.

காரணம் நம்பர். என்ஜிகேயில் நம்பர் ஏற ஏற கோல்ட். டென்சோவிலும் ஏறத்தான் செய்யும், ஆனால் கணக்கு வேறு: என்ஜிகே 6 என்றால் டென்சோ 20, 7 என்றால் 22. பாஷில் தலைகீழ், நம்பர் இறங்க இறங்கத்தான் கோல்ட். பாஷ் 7, என்ஜிகே 7-க்குச் சமமே இல்லை, அதை விட ஹாட். நான் கேட்டிருக்க வேண்டியது பாஷ் 5. பிளக் மேல் குற்றமில்லை, அது வேறு எத்தனையோ வண்டிகளுக்குப் பொருத்தமான பிளக். ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி டப்பாவில் தேடக்கூடாது என்பதுதான் விஷயம்.

அடுத்து, சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோடு. என்ஜிகேயின் 7 நம்பர் சாதா பிளக்கான பிகேஆர்7ஈ கேட்டதும் கிடைத்தது, விலையும் எதிர்பார்த்ததை விடக் குறைவு. அவசரத்தில் பில் வாங்கவில்லை. வீட்டில் டப்பாவைப் பிரித்ததும் மனசு உறுத்தியது. வாஷரைச் சுற்றினேன், கையோடு கழன்று வந்தது; ஒரிஜினலில் அது அவ்வளவு லேசில் வராது. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் ஒன்றில் 0.75, ஒன்றில் 0.9. மேலே வளைந்து வரும் கம்பி நடுக் கம்பிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கியிருந்தது. டூப்ளிகேட். திரும்பக் கொண்டுபோனால், "பில் இல்லாம எப்படி சார் எடுக்கறது?" என்ற ஒரே பதில். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டரிடமே சொல்லிவைத்து, நான்கு நாள் காத்திருந்து, பில்லோடு வாங்கினேன்.

எத்தனை ஸ்டெப் கோல்ட் என்பதிலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு 8 போடச் சொன்னவர்களும் உண்டு. 75 முதல் 100 குதிரைத்திறன் கூட்டினால் ஒரு ஸ்டெப் என்பது என்ஜிகே தரும் பொதுக் கணக்கு. எனக்குக் கூடியது நாற்பது சொச்சம். 7-க்கு மேல் போக அவசியமே இல்லை. 6-லேயே கேப்பைக் குறைத்தாலும் பலருக்குப் போதும். பிளக் நுனி 450 டிகிரிக்குக் கீழேயே இருந்தால் கரியைத் தானாக எரித்துக்கொள்ளாது. கத்திப்பாரா டிராஃபிக்கில் தினமும் ஊர்கிற வண்டிக்கு 8 போட்டால் கரி பிடித்து அதுவே மிஸ்ஸிங் ஆகும்.

இரிடியம் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் கேப்புக்காகத்தான். அதன் நடுக் கம்பி ஊசி மாதிரி மெல்லியது, கேப் வைக்கும்போது ஒரு தட்டுத் தட்டினால் போச்சு. சாதா பிளக்கில் பயமில்லை. மேல் கம்பியை மேஜை மேல் மெல்லத் தட்டி, 0.7 தகடு லேசாக உரசிக்கொண்டு போகிற வரை நான்கையும் சரிசெய்தேன். முதல் பிளக்குக்கு இருபது நிமிஷம், நான்காவதுக்கு இரண்டு.

பூட்டும்போது ஒன்று: பிளக் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி அதாலேயே திருகுங்கள். திரெட் கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், அலுமினிய ஹெட் தப்பிக்கும். கடைசியில், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்சில் 30 நியூட்டன் மீட்டர். திரெட்டில் கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம். தடவினால் அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகும்.

போன மாதம் மறுபடி ஏலகிரி. அதே வளைவு, அதே மூன்றாவது கியர், முழுசாக மிதித்தேன். ஒரு உலுக்கல் இல்லை. மகள்தான் முதலில் கைதட்டினாள். திரும்பி வந்து இரண்டாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்; மூக்கு இளம் டீ நிறத்தில், புள்ளி ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. இந்தப் பிளக்கை 15,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போவதில்லை. அடுத்த செட் இப்போதே டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது, பில்லோடு.