கிட் அலசு

புதிதாகச் சேர்ந்த பெண் முனையத்தில் 'கிட் அலசு' என்று தட்டினார். அப்படி ஒரு கட்டளையே கிட்டில் (Git, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கிடையாது. ஆனால் ஓடியது!

எட்டிப் பார்த்தேன். நாலைந்து வரியில் ஒரு ஷெல் நிரல். கோப்பின் பெயர் 'கிட்-அலசு'. அதற்கு இயக்க அனுமதி கொடுத்து, பாத் (PATH) பட்டியலில், அதாவது கட்டளைகளைக் கணினி தேடிப் பார்க்கும் இடங்களின் பட்டியலில், இருக்கும் ஓர் அடைவில் போட்டு வைத்திருந்தார்.

அவ்வளவுதான்.

தெரியாத சொல் வந்தால், முன்னால் 'கிட்-' சேர்த்து அந்தப் பெயரில் நிரல் இருக்கிறதா என்று கிட் தேடும். இருந்தால், மீதி வாதங்களை (கட்டளையோடு தட்டிய மற்ற சொற்களை) அதனிடம் அப்படியே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நிரல் எந்த மொழியில் இருந்தாலும் கவலையில்லை. ரஸ்ட் நிரல்மொழியின் கட்டுமானக் கருவியான கார்கோவும் இதே வழிதான். (கார்கோ துணைக்கட்டளையின் பெயரையும் முதல் வாதமாக அனுப்பும். கவனிக்காவிட்டால் தலைவலி.)

எனக்குப் பிடித்தது இதிலுள்ள கண்டிப்பு. 'கிட்-கமிட்' என்று ஒன்றை நீங்களே எழுதி வைத்தாலும், 'கிட் கமிட்' என்றால் கிட் அதைச் சீந்தாது. உள்ளமைந்த கட்டளைக்கே முதல் உரிமை.

எங்கள் கருவியிலோ ஒரு சின்னக் கட்டளை சேர்க்கவும் மையக் கோப்பைத் திறந்து, அந்த முடிவில்லாத நிபந்தனை வரிசையில் இன்னொரு கிளையை நுழைத்து, முழுவதையும் மறுபடி வெளியிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கத்தான் போகிறேன்.