வயல் வட்டைக்குள் நின்ற மெஷின்: எயார் தேடிய நாட்குறிப்பு

ஒக்டோபர் 14

வெல்லாவெளிப் பக்கம் மாமாவின் வயலில் பெரும்போகத்துக்கு முதல் உழவு. டாங்கி நிறைய டீசல் ஊற்றிக்கொண்டு இறங்கினோம், மத்தியானம் வரை மாசி 240 டிராக்டர் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. பின்னேரம்தான் கூத்துத் தொடங்கியது. றேஸ், அதாவது எஞ்சின் வேகம், தானாக ஏறி இறங்குகிறது, கலப்பையை இறக்கினால் இழுக்க மாட்டேன் என்கிறது, கடைசியில் வரம்போரம் திருப்பும்போது அணைந்தே போனது. ஸ்டார்ட் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் புகைக்குழாயில் வெள்ளைப் புகைகூட இல்லை. அப்படியென்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. எயார் எடுத்துவிட்டு, அதாவது டீசல் பைப்புகளில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு ஓட்டினோம், கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. யானை வருகிற இடம் என்பதால் தம்பி வயல் குடிசையான வாடியில் காவலுக்குப் படுத்துக்கொண்டான்.

ஒக்டோபர் 15

காலையில் வயலுக்குள் மெஷினை விட ஆட்கள்தான் கூட. "பம்ப் போச்சு மனே, கழட்டி டவுனுக்குக் கொண்டு போ" என்றார் மாமா. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேய்ந்த பம்புக்கு டாங்கியில் டீசல் கூடவா குறையவா என்று என்ன கவலை? இது நிறைந்த டாங்கியில் நன்றாக ஓடி, மட்டம் இறங்கிய பிறகுதான் நிற்கிறது. எங்கோ காற்று உள்ளே போகிறது.

கேட்டவர்களுக்காக எயார் எடுக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். முதலில் பில்டர் தலையிலுள்ள சின்ன நட்டைத் தளர்த்தி, டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிப்ட் பம்பின் கைலீவரை அடிக்க வேண்டும். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்கலாம். லீவர் பாரமே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்ப் பழுதென்று பயப்பட வேண்டாம், உள்ளே அதை இயக்கும் கேம் தூக்கிப் பிடித்திருக்கும், எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் சரி. அப்புறம் டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்டர் பம்பில் பக்கத்து நட்டு, பிறகு மேல் மூடியிலுள்ள நட்டு. கடைசியாக எஞ்சினை நிறுத்தும் ஸ்டொப்பை உள்ளே தள்ளி, றேஸை முழுதாக வைத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நோசிலின் பைப் நட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி ஸ்டார்ட் அடிக்க வேண்டும். அந்த நேரம் கையால் பொத்திப் பார்க்கவே கூடாது. நோசில் திறக்க 150 அட்மொஸ்பியருக்கு மேல் அழுத்தம் வேண்டும், அப்படிப் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். காற்று புகுந்தால் எஞ்சின் நிற்பதும் இதனால்தான்: பம்ப் அழுத்த அழுத்தக் காற்று சுருங்குமே தவிர, நோசிலைத் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறாது.

ஆனால் எயார் எடுப்பது திருத்தம் இல்லை. புகுந்த வழி திறந்தே கிடந்தால் நாள் முழுக்க லீவர் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எஞ்சின் ஒயில் குச்சியையும் இழுத்துப் பார்த்தேன். மட்டம் கூடவில்லை, டீசல் மணமும் இல்லை, ஆகவே லிப்ட் பம்பின் உள் ரப்பர் கிழியவில்லை.

ஒக்டோபர் 16

களுவாஞ்சிகுடியில் மேசன்மார் தண்ணீர் மட்டம் பார்க்கிற கண்ணாடிப் பைப்பில் ஒரு துண்டு வாங்கினேன். அதை லிப்ட் பம்புக்கு முன்னால், டாங்கியிலிருந்து வரும் பைப்போடு தொடுத்து எஞ்சினை ஓடவிட்டேன். சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. றேஸைக் கூட்டியதும் ஊசிமுனை அளவில் குமிழிகள், முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசையாக. அப்படியே டாங்கி லைனைக் கழற்றிவிட்டு, உயரத்தில் கட்டிய ஒரு கான் டீசலிலிருந்து நேராகக் கொடுத்தேன். ஒரு குமிழிகூட இல்லை, எவ்வளவு நேரம் முறுக்கினாலும் எஞ்சின் நிற்கவில்லை. பம்ப், பில்டர், நோசில் எல்லாம் தப்பித்தன. மாமா ஒன்றும் பேசாமல் வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

ஒக்டோபர் 17

டாங்கிக்கும் லிப்ட் பம்புக்கும் இடையில் வர வேண்டிய இரும்புப் பைப்பை முன்பு வைத்திருந்தவர் எப்போதோ வெட்டிவிட்டு ரப்பர் பைப் போட்டிருக்கிறார். டீசலுக்கு உகந்த ரப்பரும் இல்லை. கிளிப் கடித்த இடம் கட்டையாக இறுகி, ஒரு மயிர் வெடிப்பு. சுற்றிவர ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. டாங்கி நிறைய இருக்கும்போது அதால் டீசல் கசியும், மட்டம் இறங்கினால் அதே வழியால் காற்று போகும்.

அதோடு முடியவில்லை. டாங்கியின் அடியில் டீசலைத் திறந்து மூடும் டாப்பைக் கழற்றினால் அதன் வடியில் கறுத்த சளி மாதிரி அப்பியிருக்கிறது. 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து வீட்டில் பரலில் சேர்த்து வைக்கும் பழக்கம் விடவில்லை. அடியில் தண்ணீர் தங்கி, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து இந்தச் சளியாகிறது. வடி அடைபட்டதும் லிப்ட் பம்ப் கூடுதலாக உறிஞ்ச, வெடிப்பு இன்னும் காற்றை இழுத்திருக்கிறது. டாங்கியைக் கழுவி, பைப்பையும் மாற்றினேன். பழைய செப்பு வோஷர்களை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன், செம்பு அப்படிச் செய்தால் மென்மையாகும், திரும்ப நன்றாக இருக்கும். சமையல் அடுப்பில் செய்ததற்கு மனிசியிடம் ஏச்சு.

ஒக்டோபர் 19

வேண்டுமென்றே டாங்கியில் கொஞ்ச டீசலோடு இறங்கினேன். மேட்டுப் பக்கம் ஈரம் காய்ந்து இறுகிய மண், கலப்பையை முழுதாக இறக்கியும் றேஸ் அசையவில்லை. பின்னேரம் மட்டக் குச்சியின் நுனி மட்டும் நனைகிற அளவுக்குப் போய்விட்டது, அப்போதும் கண்ணாடிப் பைப்பில் குமிழி இல்லை. அதைக் கழற்றி டூல் பெட்டியில் போட்டாயிற்று. பரலின் டாப்பை அடியிலிருந்து ஒரு சாண் மேலே வைத்துவிட்டேன். சளி கொஞ்சம் பில்டருக்கும் போயிருக்கும், ஆகவே நாளை இரண்டாவது வயற்கண்டத்துக்கு இறங்க முன் அதையும் மாற்ற வேண்டும்.