காலாவதித் தேதியும் சாக்கு எடையும்

மருந்து வழக்குக் கட்டு மேஜைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அட்டையில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி. கஞ்சா வழக்கென்றால் மகஜரில், அதாவது பறிமுதல் பதிவில், எழுதியிருக்கும் எடை. அரசுத் தரப்பில் இந்த இரண்டு வகைக் கட்டுகளையும் பார்க்கும் சட்டப் பிரிவை நடத்துகிறவர், சட்டப் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன் இந்த இரண்டையும் கட்டின் மேலட்டையில் பெரிதாக எழுதி வைக்கட்டும். வாதம் சரியில்லாமல் தோற்ற வழக்குகள் குறைவு. கோர்ட் வாசலை மிதிக்கும் முன்பே செத்துப்போன வழக்குகள்தான் அதிகம்.

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படி வேலை செய்பவர்கள் மருந்து ஆய்வாளர்கள், பார்மசி படித்தவர்கள். போதைப்பொருளுக்கான 1985ஆம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டத்தில் பெரும்பாலும் போலீஸ். முதல் கூட்டம் மருந்தைப் பற்றி நன்றாக எழுதும், வழக்கைப் பற்றி எழுதாது. இரண்டாவது கூட்டம் எல்லாக் கட்டிலும் ஒரே மகஜரை, பெயரை மட்டும் மாற்றி எழுதும். இரண்டையும் ஒரே செக்லிஸ்ட்டில் அடக்கப் பார்த்தால் வேலைக்கு ஆகாது.

மருந்தில் தொடங்குவோம். சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி ஆய்வாளர் நியாய விலை கொடுத்து மாதிரி எடுக்க வேண்டும். கடைக்காரர் பணத்தை வாங்க மறுத்தால் படிவம் 17ஏயில் ரசீது. எடுத்த மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். உற்பத்தி இடத்திலேயே எடுத்தால் மூன்று போதும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, நான்காவது 18ஏ பிரிவின்படி யாரிடமிருந்து வாங்கியதாகக் கடைக்காரர் சொல்கிறாரோ அவருக்கு. இங்கேயே முதல் ஓட்டை விழும். பங்குக்கு ஒரு ஸ்ட்ரிப், பத்து மாத்திரை என்று பிரித்து வைப்பார்கள். எடைச் சீர்மை பார்க்கவே 20 மாத்திரை வேண்டும். கரைதிறன் சோதனைக்கு முதலில் 6, அதில் தேறாவிட்டால் இன்னும் 6, பிறகு 12. முழுச் சோதனைக்குப் போதாத பங்கை மேல் ஆய்வுக்கு அனுப்பினால், அதுவே எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாகிவிடும்.

முத்திரையும் அப்படித்தான். மாதிரியோடு பகுப்பாய்வாளருக்குப் போகும் குறிப்பான படிவம் 18இன் நகலும் முத்திரையின் மாதிரிப் பதிவும் பொட்டலத்தோடு சேராமல் தனியாக ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பொட்டலத்தின் முத்திரை குலையாமல் இருந்தது, மாதிரிப் பதிவோடு ஒத்துப்போனது என்று பகுப்பாய்வாளர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அறிக்கையான படிவம் 13இல் சோதனை முறை விவரமாக இருக்க வேண்டும் என்பது விதி. ‘மருந்தின் அளவு குறைவு, தரமற்றது’ என்று ஒற்றை வரியில் முடிந்திருந்தால் அன்றைக்கே ஆய்வகத்துக்குத் திருப்பி எழுதிக் கேளுங்கள். விசாரணை நடக்கும்போது கேட்டால் இட்டு நிரப்பியது போலத் தெரியும்.

இனி காலாவதி. படிவம் 13 கையில் கிடைத்த 28 நாளுக்குள், ‘இதை மறுத்துச் சாட்சியம் தருவேன்’ என்று எழுத்தில் தெரிவிக்கும் உரிமையை 25(3) தருகிறது. தெரிவித்துவிட்டால், கோர்ட்டில் இருக்கும் பங்கைக் கொல்கத்தாவிலுள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம். அந்த அறிக்கையே முடிவானது. அதற்குள் மருந்து காலாவதியானால் அந்த உரிமை வெறும் காகிதம். 2008இல் மெடிகாமென் பயோடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காகவே வழக்கை ரத்து செய்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜனவரியில் தயாரித்த மாத்திரை, 24 மாத ஆயுள். 2025 நவம்பரில் மருந்துக் கடையில் மாதிரி எடுக்கிறார்கள். கையில் 13 மாதம் இருக்கிறது, தாராளம் என்று தோன்றும். ஆய்வக அறிக்கை வர ஜனவரி ஆகிவிடும். பிறகு கடைக்காரர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், அவர் கம்பெனி டிப்போவைக் காட்டுவார், டிப்போ தயாரிப்பாளரைக் காட்டும். கடிதத்துக்கு மூன்று வாரம் வைத்தால் மார்ச் முடிந்துவிடும். தயாரிப்பாளரிடம் அறிக்கை போய்ச் சேர்ந்து 28 நாள் கழிய ஏப்ரல் இறுதி. அவர் மறுப்புத் தெரிவித்தால், சம்மன், மனு, கொல்கத்தா தபால் எல்லாவற்றுக்கும் ஆறு மாதமாவது விட வேண்டும். ஆக, ஜூனுக்குள் புகார் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். நடப்பது என்ன? அனுமதிக் கோப்பு மேலேயும் கீழேயும் சுற்றி 2027 பிப்ரவரியில் தாக்கலாகும். சட்டப்படி காலக்கெடு இன்னும் மிச்சமிருக்கிறது என்ற நிம்மதி வேறு. தரமற்ற மருந்துக்கான 27(டி)க்கு உச்சத் தண்டனை 2 ஆண்டு என்பதால் வழக்குப் போட 3 ஆண்டு இருக்கிறது என்பது சரிதான். மாத்திரைக்கு அது தெரியாதே.

அதனால் சட்டப் பிரிவில் இருக்க வேண்டிய பதிவேடு ஒன்றுதான்: காலாவதித் தேதி வாரியாக அடுக்கிய பட்டியல். வழக்கு எண் வாரியாக அடுக்காதீர்கள். திங்கட்கிழமை தோறும் முதல் பத்து வரியைப் படித்தால் போதும். 28 நாளைக் கணக்கிட ஒப்புகை அட்டையில் இருக்கும் தேதிதான் ஆதாரம். அட்டை தொலைந்தால் 28 நாளும் தொலைந்தது. எதிர்த்தரப்பு அந்தக் கெடுவுக்குள் வாயைத் திறக்கவில்லை என்றால், பிறகு காலாவதியைக் காட்டித் தப்புவது அவர்களுக்குக் கடினம். அந்த அட்டையின் மதிப்பு அவ்வளவு.

யார் வழக்குப் போடுவது என்பதில் இப்போது குழப்பம் இல்லை. 2020 ஆகஸ்டில் அசோக் குமார் சர்மா வழக்கில், மருந்துச் சட்டத்தில் தயாரிப்பு, விற்பனை பற்றிய நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்குப் போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது, மருந்து ஆய்வாளர் முதலிய, 32ஆம் பிரிவு சொல்கிறவர்கள்தான் புகார் தர முடியும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. செஷன்ஸ் கோர்ட்டுக்குக் குறைந்த கோர்ட் விசாரிக்க முடியாது என்பதும் 32இலேயே இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் 33எம்படி முன் அனுமதி வேண்டும். அலோபதிக் கட்டுகளையே பார்த்துப் பழகியவர்கள் இதை மறப்பார்கள்.

கம்பெனி இயக்குநர்களைச் சேர்க்கும்போது, கம்பெனியின் குற்றத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் 34ஆம் பிரிவை நகலெடுத்து ஒட்டுவதால் பயனில்லை. யார் எந்தப் பொறுப்பில் இருந்தார், உரிமத்தில் யார் பெயர், தொழில்நுட்பப் பொறுப்பாளர் யார் என்று ஆளுக்கு ஒரு பத்தி எழுத வேண்டும். இதற்கு 1998ஆம் ஆண்டு பிரிஜ் லால் மித்தல் தீர்ப்பைப் பாருங்கள். பெயரைப் பார்த்து எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிக்கல்ஸ் தீர்ப்பை மருந்து வழக்கு என்று நினைத்து மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. அது செக் மோசடி வழக்கு. சொன்ன சட்டம் பொருந்தும், ஆனால் நீதிபதி சிரிப்பார்.

ஒரு கொள்கை முடிவும் பிரிவுத் தலைவர் எடுக்க வேண்டும். கொஞ்சம் அளவு குறைந்த மாத்திரையையும் சுண்ணாம்பு அடைத்த போலி மாத்திரையையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. முதலாவது 27(டி), குறைந்தது 1 ஆண்டு. போலி என்றால் 27(சி), 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் 27(டி)யைச் சமரசத் தொகை கட்டி முடிக்கக்கூடிய குற்றமாக்கிவிட்டது. முதல் தடவை தவறிய கம்பெனியை அந்த வழியில் முடித்துவிட்டு, போலி மருந்து வழக்குக்கு ஆளையும் நாளையும் ஒதுக்குவதே சரி என்பது என் கருத்து. எல்லாவற்றையும் கோர்ட்டுக்கு இழுப்பது கண்டிப்பு போலத் தெரியும். பத்து வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால் தண்டனை இருக்காது.

உரிமம் ரத்து, தற்காலிக நிறுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோட்டீஸில் எந்த விதி, எந்தத் தேதி, எந்த பில் என்று இருக்க வேண்டும். உத்தரவில் கடைக்காரரின் பதிலுக்கு மறுபதில் இருக்க வேண்டும். ‘விளக்கம் ஏற்புடையதாக இல்லை’ என்ற ஒற்றை வரி உத்தரவு ரிட் மனுவில் முதல் நாளே விழும்.

கஞ்சாவுக்கு வருவோம். சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. வடக்கே இலையில் செய்யும் பாங் விற்க முடிவது இதனால்தான். 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு, உச்சத் தண்டனை 1 ஆண்டு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. ‘மேல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: மிகச் சரியாக 20 கிலோ இருந்தால் அது வணிக அளவு அல்ல, 37ஆம் பிரிவின் ஜாமீன் தடையும் வராது.

மகஜரில் ‘21 கிலோ’ என்று இருக்கிறது என்று வையுங்கள். பத்துப் பொட்டலம், தலா 2.1 கிலோ, பிரவுன் டேப் சுற்றியது. பாலிதீனும் டேப்பும் பொட்டலத்துக்கு 90 கிராம் என்றால் மொத்தம் 900 கிராம் போய்விட்டது. மிச்சம் 20.1. அதில் காம்பும் பழுத்த இலையும் கலந்திருந்தால்? ஈரமாக இருந்து, மாஜிஸ்ட்ரேட் முன் மறுபடி நிறுக்கும்போது 19.6 ஆகியிருந்தால்? இதையெல்லாம் முன்கூட்டியே அடைக்கலாம். ஒவ்வொரு பொட்டலத்தையும் உறையோடும் உறையில்லாமலும் நிறுத்து இரண்டு எடையையும் எழுதுவது. பூ நுனி, இலை, காம்பு எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதிப் படம் எடுப்பது. தராசின் முத்திரைச் சான்றை இணைப்பது. ‘அருகிலிருந்த கடைத் தராசில் நிறுத்தோம்’ என்று எழுதிவிட்டு அந்தக் கடைக்காரரைச் சாட்சியாகச் சேர்க்காத மகஜர் கணக்கில்லாமல் வரும்.

மாதிரியைச் சம்பவ இடத்திலேயே எடுக்கும் பழைய பழக்கத்தை நிறுத்த வேண்டும். 2016இல் மோகன்லால் தீர்ப்பு, பிறகு 2022 டிசம்பர் விதிகள், இரண்டும் என்டிபிஎஸ் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில்தான் எடுக்கச் சொல்கின்றன. கஞ்சாவுக்கு மாதிரி 24 கிராம், இரட்டையாக. ஒரே மாதிரிப் பொட்டலங்களை 40 வரை ஒரு தொகுப்பாகக் கட்டலாம். 52ஏ பிசகியது ஒன்றுக்காகவே ஜாமீனோ விடுதலையோ கிடைத்துவிடாது என்று 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி மெத்தனமாக இருக்க வேண்டாம். 2023இல் யூசுப் வழக்கில், அதே கோர்ட் 52ஏயைப் பின்பற்றாததற்காகத்தான் தண்டனையை ரத்து செய்தது.

50ஆம் பிரிவு உடல் சோதனைக்கு மட்டும். கையிலிருக்கும் பைக்குப் பொருந்தாது. ஆனால் வாசகம் பிசகக் கூடாது. ‘நானே சோதனை போடட்டுமா, இல்லை ஆபீசர் முன்னால் போடவா?’ என்று கேட்பது தவறு; சட்டம் சொல்லும் இரண்டு பேரோடு மூன்றாவது வாய்ப்பைச் சேர்த்தது 2014இல் பர்மானந்த் வழக்கில் குறையாகப் பார்க்கப்பட்டது. ‘அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் சோதனையிடப்பட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு’ என்பதோடு நிறுத்த வேண்டும். இரண்டு பேர் பிடிபட்டால் இரண்டு நோட்டீஸ். ஒரே தாளில் இரண்டு கையெழுத்து வாங்கக் கூடாது. 2020இல் தூஃபான் சிங் வழக்குக்குப் பிறகு விசாரிக்கும் அதிகாரியிடம் தரும் 67ஆம் பிரிவு வாக்குமூலம் ஒப்புதல் சாட்சியமாக நிற்காது. அதை மட்டும் வைத்து இன்னொருவரைக் குற்றவாளியாகச் சேர்த்த கட்டில் போன் தொடர்பு, பணப் பரிமாற்றம் என்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள். நீட்டிப்பு வேண்டுமென்றால் அரசு வழக்கறிஞரே தன் அறிக்கையில் விசாரணை எதுவரை வந்தது, இன்னும் என்ன காரணத்துக்காக ஆளை உள்ளே வைக்க வேண்டும் என்று எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் கடிதத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புவது நிற்காது. 150ஆம் நாளே அலாரம் அடிக்கட்டும். 179ஆம் நாள் எழுதும் அறிக்கையில் எழுத்துப்பிழை தவிர வேறொன்றும் இருக்காது.

இரண்டு சட்டமும் ஒரே கட்டில் சந்திப்பது டிராமடால் என்ற வலி மருந்து போன்ற மாத்திரைகளில். 2018 ஏப்ரலிலிருந்து டிராமடால் என்டிபிஎஸ் பட்டியலில் இருக்கிறது; வணிக அளவு 250 கிராம். 100 மில்லிகிராம் மாத்திரை ஆயிரம் பிடிபட்டால் உள்ளே இருக்கும் மருந்து 100 கிராம்தான். ஆனால் 2020இன் ஹீரா சிங் தீர்ப்புப்படி கலவையின் மொத்த எடைதான் கணக்கு. மாத்திரை ஒன்று 300 மில்லிகிராம் எடை என்றால் 300 கிராம், வணிக அளவு. ஆய்வக அறிக்கையில் மருந்தின் அளவு இருக்கும், ஒரு மாத்திரையின் சராசரி எடை இருக்காது. கேட்டு வாங்காவிட்டால் 250ஐத் தாண்டியதாக நிரூபிக்க வழியில்லை. உரிமம் இல்லாமல் விற்றதற்கு மருந்துச் சட்டத்தின் 18(சி)யும் சேரும். என்டிபிஎஸ் 80ஆம் பிரிவு இரண்டு சட்டத்தையும் ஒன்றாக ஓட விடுகிறது. ஆனால் 18(சி)க்குப் போலீஸ் குற்றப்பத்திரிகை போட முடியாது, மருந்து ஆய்வாளரின் தனிப் புகார் வேண்டும். பிடித்த அன்றே அவரைச் சம்பவ இடத்துக்கு வரவழைத்தால்தான் இது கைகூடும்.

தீர்ப்பு விடுதலையாக வந்தால் மேல்முறையீட்டுக் கெடுவும் இரண்டு விதம். போலீஸ் வழக்கில் அரசுக்கு 90 நாள். மருந்து ஆய்வாளரின் புகார் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி கேட்க 6 மாதம், குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 419ஆம் பிரிவு. எதுவானாலும் சான்றிட்ட நகலுக்குத் தீர்ப்பு சொன்ன அன்று மாலைக்குள் மனுப் போட்டு, அந்த மனு எண்ணை அதே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.